லேப்டாப் மூளைக்குப் பூட்டுப் போட்டது யார்?

“புராசசர் பழசாகிவிட்டது. இனிமேல் இதை வைத்துக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பேசாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். தவணையும் இருக்கிறது.”

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர் தைக்கும் சகோதரி ஒருவருக்கு ஒரு கடைக்காரர் கொடுத்த தீர்ப்பு இது. மூத்த மகன் பன்னிரண்டாவது படித்தபோது சர்க்கார் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. மூடியில் சர்க்கார் முத்திரை இன்னும் அழியவில்லை. மகன் படித்து முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். பொத்தானை அழுத்தினால் அந்த யந்திரத்துக்கு உயிர் வருவதற்குள் ஒரு ஈடு இட்லி வெந்துவிடும். மகள் அழுதாள். தாய் கடைக்குப் போனார். கடைக்காரர் மேற்படி தீர்ப்பைச் சொன்னார்.

குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடப் போகும் வழியில் சங்க ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தார் அந்தச் சகோதரி. “அண்ணா, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்” என்றார்.

நான் பத்தாவது தேறியவன். அதற்கு மேல் படிப்பில்லை. புராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை, கணக்கெல்லாம் போடுவது அதுதான் என்ற மட்டில்தான் அன்றைக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்தியது. கிணற்று மோட்டாரில் காயில் கருகினால் காயில் கட்டுகிறோம். மோட்டாரைத் தூக்கி எறிவதில்லை. சைக்கிளில் செயின் அறுந்தால் செயினை மாற்றுகிறோம். லேப்டாப்பில் மூளை பழசானால் மூளையை மட்டும் மாற்றினால் என்ன? கடன் பத்திரத்தில் இன்றைக்குக் கையெழுத்துப் போடாதே அம்மா, ஒரு மாதம் பொறு என்று சொல்லி அனுப்பினேன். ஐ.டி.ஐ. படித்து ரிப்பேர் வேலை செய்யும் நமது இளைஞர் ஒருவரைப் பிடித்துக் கொண்டேன். அவரிடம் கேட்டதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு தோழர் கோபித்துக் கொண்டார். “போனஸ் இருக்கிறது, பி.எஃப். பாக்கி இருக்கிறது, நூறு நாள் வேலைக் கூலி இருக்கிறது. லேப்டாப்பைப் பற்றியா எழுதப் போகிறீர்?” என்றார். தோழரே, அந்தப் போனஸ் எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாற்ற முடிந்த காலம்

தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கியது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியது. திட்டம் நடந்த வருஷங்களில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. செலவு ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவும் ஜனங்களின் வரிப்பணம். டேனரித் தொழிலாளியின் வீட்டிலும், குடியாத்தம் பீடித் தொழிலாளியின் வீட்டிலும் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கூலிக்காரன் மகள் கையில் கம்ப்யூட்டர் எதற்கு என்று அன்றைக்குப் பரிகாசம் செய்த மேதாவிகளோடு சேர்ந்து நிற்க எனக்கு விருப்பமும் இல்லை.

அந்தத் திட்டம் ஆரம்பித்த காலத்தில் உலகச் சந்தையில் விற்ற சாதாரண லேப்டாப்புகள் பலவற்றில் புராசசருக்கென்று ஒரு சாக்கெட் இருந்தது. மின்சாரப் பிளக்குக்குச் சாக்கெட் இருப்பதைப் போலத்தான். பக்கத்தில் ஒரு திருகாணி. அதை ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று திருப்பினால் பிடி தளரும்; பழைய புராசசரைப் பூப்போல எடுத்துவிட்டு, அதே சாக்கெட்டுக்குப் பொருந்துகிற வேறொன்றை வைக்கலாம். பென்டியம் இருந்த இடத்தில் அதே தலைமுறையைச் சேர்ந்த ஐ-5 புராசசரை வைத்துப் பல வருஷங்கள் ஓட்டியவர்கள் உண்டு. பழைய கம்பெனி லேப்டாப்புகளைப் பிரித்து எடுத்த புராசசர்கள் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்தன.

ஆசைப்பட்ட எந்தப் புராசசரையும் வைத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். மதர்போர்டில் உள்ள துணைச் சில்லு அதை ஏற்க வேண்டும். யந்திரம் விழித்தெழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற சின்னப் புரோகிராமுக்கு அந்தப் புராசசரைத் தெரிந்திருக்க வேண்டும். புதியது அதிகச் சூடு கக்கினால் பழைய விசிறி அதைத் தாங்காது. இத்தனை நிபந்தனைக்குள்ளும் வழி ஒன்று இருந்தது. ஆணி கழற்றத் தெரிந்த மனிதனுக்கு மரியாதையும் இருந்தது.

அந்த வழி அடைபட்டது. இன்டெல் கம்பெனி 2013ல் கொண்டு வந்த நான்காம் தலைமுறைப் புராசசரோடு சாதாரண லேப்டாப்புக்கான சாக்கெட்டுக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப் புராசசர் மதர்போர்டிலேயே நேராகப் பற்றவைக்கப்பட்டு வருகிறது. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யும் அதே பாதையில் போயிற்று. போட்டி இருந்தால் வாங்குகிறவனுக்கு லாபம் என்று பள்ளிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்தப் போட்டியின் லட்சணம் இது!

பற்றவைப்பது என்றால் ரேடியோவில் நாலு வயருக்கு ஈயம் வைப்பதைப் போல என்று எண்ணிவிடாதீர்கள். சில்லின் வயிற்றுப் பக்கத்தில், கண்ணுக்குப் பட்டும் படாமலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டுகள். ஒவ்வொன்றிலும் கடுகினும் சிறிய ஒரு உலோக உருண்டை. இருநூறு டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் அவை உருகும். அதற்குத் தனி யந்திரம் வேண்டும், நடுங்காத கை வேண்டும். அப்படியே எடுத்தாலும் மாற்றி வைக்கப் புராசசரைக் கடையில் தனியாக விற்பதில்லை. வேறு யந்திரத்திலிருந்து பிடுங்கி வைத்தாலும் பயாஸ் பெரும்பாலும் ஒப்புக் கொள்ளாது. எல்லாக் கூலியையும் கூட்டிப் பார்த்தால், பழைய லேப்டாப் ஒன்றையே முழுசாக வாங்கிவிடலாம்.

ஆகவே கடைக்காரர் “மாற்ற முடியாது” என்று சொன்னது பொய்யில்லை. முடியாதபடி செய்தது யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவரும் கமிஷனுக்கு விற்கிறவர்தான், பாவம்.

வெல்ட் வைத்த ஷூவும் பசை ஒட்டிய ஷூவும்

இதை ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஷூத் தொழிலாளிக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவர்களே எனக்கு விளக்குவார்கள். ஷூவில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அப்பரோடு ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைப்பது. வெல்ட் ஷூ என்பார்கள். சோல் தேய்ந்தால் அந்தத் தையலை மட்டும் பிரித்துப் புதுச் சோல் போடலாம். அப்பருக்கு ஒரு சேதமும் வராது. நல்ல வெல்ட் ஷூ ஒன்றுக்கு இரண்டு மூன்று தடவை சோல் மாற்றிப் பதினைந்து வருஷம் போடுகிற கனவான்கள் லண்டனில் இருக்கிறார்கள். மற்றொன்று, பசை தடவி அழுத்தி ஒட்டுவது. சோல் போனால் ஷூவே போயிற்று.

இரண்டையும் தைப்பதும் ஒட்டுவதும் நமது கைகள்தான். எதை எப்படிச் செய்வது என்று தீர்மானிப்பது நாமல்ல. மலிவான ஷூ ஆறே மாதத்தில் வாயைப் பிளந்தால் அது பசையின் குற்றமா, ஒட்டிய பெண்ணின் குற்றமா? மறுபடியும் ஒரு ஜோடி விற்க வேண்டும் என்று கணக்குப் போட்ட மனிதன் ஒருவன் எங்கோ குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறான். லேப்டாப்பிலும் அதே கணக்குத்தான்.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. “ஜனங்களே மெலிதாக வேண்டும், எடை குறைவாக வேண்டும், பேட்டரி நிற்க வேண்டும் என்கிறார்கள். சாக்கெட் வைத்தால் தடிமன் கூடும், செலவு கூடும்” என்கிறார்கள். இதில் பாதி வாஸ்தவம். சாக்கெட் இடத்தை அடைக்கும். பற்றவைத்தால் அடக்கமாக இருக்கும். மறுக்கவில்லை. ஆனால் மீதிப் பாதி எங்கே? புராசசரைத் தனியாக மாற்ற முடியாவிட்டால், அது ஒட்டியிருக்கும் மதர்போர்டையாவது நியாய விலைக்குத் தனியாக விற்கலாம் அல்லவா? பெட்டி, திரை, கீபோர்டு, சார்ஜர் எல்லாம் நன்றாக இருக்கும்போது போர்டை மட்டும் மாற்றிக் கொள்ளலாமே! அது நடக்காத காரியமா? அமெரிக்காவில் ஃப்ரேம்வொர்க் என்று ஒரு சின்னக் கம்பெனி 2021லிருந்து அப்படித்தான் விற்கிறது. நாலு வருஷத்துக்கு முந்தைய பெட்டியில் புதிய தலைமுறைப் புராசசரோடு கூடிய போர்டை, வாங்கினவரே வீட்டில் உட்கார்ந்து மாற்றிக் கொள்கிறார். லேப்டாப்பும் மெலிதாகத்தான் இருக்கிறது. அதன் விலை நமக்கு எட்டாதது என்பது வேறு விஷயம். சின்னக் கம்பெனிக்குத் தெரிந்த வித்தை உலகத்தையே ஆளும் கம்பெனிகளுக்குத் தெரியாதா?

இவர்கள் “முடியாது” என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்து கொள்ள இன்னொரு சம்பவம். மேஜைக் கம்ப்யூட்டர்களில் இன்னும் சாக்கெட் உண்டு. 2020 மே மாதம் ஏ.எம்.டி. கம்பெனி ஒரு அறிவிப்புச் செய்தது. அடுத்து வரப்போகும் புராசசர்கள், சாக்கெட் அதேதான் என்றாலும், ஒன்றிரண்டு வருஷத்துக்கு முன் விற்ற மதர்போர்டுகளில் வேலை செய்யாது என்றது. பயாஸ் வைக்கும் இடம் போதாது என்று காரணம் காட்டியது. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. நாலா திசையிலிருந்தும் கண்டனம் கிளம்பியது. அதே மாதம் முடிவதற்குள் “முடியும்” என்றது கம்பெனி! 2022ல் அதற்கும் முந்திய போர்டுகளுக்கும் “முடியும்” என்றது. இடம் எங்கிருந்து வந்தது? நியாயமான கூலி கேட்கும்போதெல்லாம் “கட்டுப்படியாகாது” என்று கை விரித்து, வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்ததும் கட்டுப்படியாகிற நிர்வாகங்களை நாம் பார்த்ததில்லையா? அதே நாடகம், வேறு மேடை.

பட்டியலில் பெயர் இல்லை

இரும்பில் போட்ட பூட்டு ஒன்று. காகிதத்தில் போட்ட பூட்டு இன்னொன்று. இரண்டாவதுதான் பொல்லாதது.

மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10க்குக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. விரும்புகிறவர்களுக்கு ஒரு வருஷம் தவணை. அதற்கும் பல நாடுகளில் பணமோ, கம்பெனியில் கணக்குத் திறந்து கொள்ளும் நிபந்தனையோ உண்டு. விண்டோஸ் 11க்கு மாறிக் கொள்ளுங்கள் என்றது கம்பெனி. மாறலாம் என்றால், கதவில் ஒரு பட்டியல் தொங்குகிறது. இன்டெல் புராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது கூடாது. ஆகவே 2017க்கு முன்பு செய்யப்பட்ட லேப்டாப்புகளில் பெரும்பாலானவை வாசலிலேயே நிறுத்தப்பட்டன.

வேகம் போதவில்லையா? அதுவும் இல்லை. கம்பெனி தானே எழுதி வைத்திருக்கும் குறைந்தபட்ச வேகம் ஒரு கிகாஹெர்ட்ஸ், இரண்டு கோர். அதை 2011 வருஷத்து லேப்டாப்பே தாண்டிவிடும். பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். மஸ்டர் ரோலில் பெயர் இல்லாத கூலியாளை மேஸ்திரி திருப்பி அனுப்புவதை நூறு நாள் வேலையில் பார்த்த விவசாயத் தொழிலாளிக்கு இந்த வித்தை புரியும்.

“பாதுகாப்புக்காகச் செய்தோம்” என்கிறது கம்பெனி. புதிய புராசசர்களில் திருட்டுப் புரோகிராம்களைத் தடுக்கும் வசதிகள் கூடுதலாக உண்டு என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஆனால் இதைக் கேளுங்கள். 2021ல் பட்டியல் வெளிவந்தபோது ஏழாம் தலைமுறைக்கு இடமில்லை என்றார்கள். அந்த நேரத்தில் மைக்ரோசாஃப்ட் கம்பெனியே விற்றுக் கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்ற விலையுயர்ந்த கம்ப்யூட்டரில் இருந்தது ஏழாம் தலைமுறைப் புராசசர்! என்ன செய்தார்கள்? ஆகஸ்ட் மாதத்தில் அந்த ஒரு புராசசரைப் பட்டியலில் சேர்த்துக் கொண்டார்கள். அதன் கூடப்பிறந்த மற்ற ஏழாம் தலைமுறைப் புராசசர்கள் ஏறக்குறைய எல்லாம் தெருவில் நின்றன. தன் கடைச் சரக்கு என்றால் விதி வளையும். ஏழையின் சாமான் என்றால் விதி விதிதான்.

பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன யந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. அதனால் இதை அலட்சியம் செய்யவும் முடியாது. ஜனங்களைப் பயமுறுத்திப் புதுச் சரக்கை விற்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு வேண்டுமா?

முதலாளியின் யந்திரம் எத்தனை வருஷம் ஓடுகிறது?

வாணியம்பாடி டேனரியில் சுழலும் மரப் பீப்பாயைப் பாருங்கள். பலகை ஊறிப் போனால் அந்தப் பலகையை மாற்றுகிறார்கள். இரும்புப் பட்டை தேய்ந்தால் பட்டையை மாற்றுகிறார்கள். பல்சக்கரம் உடைந்தால் பல்சக்கரம். பீப்பாய் ஓடிக் கொண்டே இருக்கிறது. நூல் மில்லில் ரிங் பிரேமைப் பாருங்கள். ஸ்பிண்டில் மாற்றி, ரிங் மாற்றி, பெல்ட் மாற்றி, அப்பா ஓட்டிய மெஷினை மகன் ஓட்டுகிறான். உதிரி பாகம் கிடைக்காவிட்டால் முதலாளி வாங்கவே மாட்டான். விற்கிறவனைக் கூப்பிட்டுச் சண்டை போடுவான். தன் யந்திரம் என்று வரும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் கணக்குக் கேட்கிற அதே வர்க்கம், நம் வீட்டு யந்திரம் என்றால் “ஐந்து வருஷம் ஆயிற்றே, தூக்கிப் போடு” என்கிறது.

வயற்காட்டுக்கும் இது வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர் பழுதானால், கம்பெனியின் சாஃப்ட்வேர் இல்லாமல் முழுசாகச் சரி செய்ய முடியாது. அந்தச் சாஃப்ட்வேர் கம்பெனியின் டீலரிடம் மட்டும்தான் இருந்தது. அறுவடை நேரத்தில் டிராக்டரை நிறுத்தி வைத்துக் கொண்டு விவசாயி காத்திருந்தான். விவசாயிகள் போராடியதால் கொலராடோ மாகாணம் 2023ல் விவசாய யந்திரங்களுக்கு ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அந்த நாட்டு வர்த்தகக் கமிஷனே ஜான் டீர் மீது வழக்குத் தொடர்ந்தது. நியூயார்க், கலிபோர்னியா மாகாணங்களில் எலக்ட்ரானிக் சாமான்களுக்கே ரிப்பேர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே இந்தக் கதி!

நம் நாட்டில் 2022ல் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. அந்த டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. ரிப்பேர் செய்து கொள்வது உங்கள் உரிமை என்று அதில் அழகாக எழுதியிருக்கிறது. உதிரி பாகம் கொடுக்காத கம்பெனியைத் தண்டிக்கிற சட்டம் எங்கே?

குப்பை யார் வாசலில் விழுகிறது?

“பழசைப் போட்டுவிடு” என்று சொல்லும்போது, எங்கே போடுவது என்று ஒருவரும் சொல்வதில்லை. உலகம் முழுவதும் 2022ஆம் வருஷத்தில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் எலக்ட்ரானிக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நாலில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் ஒரு பகுதி டில்லி சீலம்பூருக்கும் மொராதாபாத்துக்கும் போகிறது. அங்கே கூலிக்காரக் குடும்பங்கள் வெறுங்கையால் போர்டைப் பிரித்து, வயரை எரித்து, ஆசிட்டில் முக்கித் தாமிரமும் தங்கமும் எடுக்கின்றன. புகை அவர்கள் நெஞ்சில்; ஆசிட் அவர்கள் மண்ணில்.

பிறர் போடும் ஷூவுக்காக நம் தண்ணீர் கெட்ட கதை பாலாற்றங்கரையில் இருக்கிற நமக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டையில் மூடிப் போன ஒரு குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக் கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் கழிவுச் சேற்றில் மாண்டார்கள். மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்புச் சொன்னதும் நம் வேலூர் டேனரி வழக்கில்தான். அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் அதே கோர்ட் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஊரில் இருந்து கொண்டு, நல்ல யந்திரத்தைக் குப்பையாக்குகிற வியாபாரத்தைப் பார்த்து வாயை மூடிக் கொண்டிருக்க வேண்டுமா?

பெட்டியைத் திறந்தோம்

அந்தச் சகோதரியின் லேப்டாப் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீஸ் மேஜையில் பழைய பத்திரிகையை விரித்து நமது இளைஞர் அதைத் திறந்தார். விசிறியில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. புராசசருக்கும் சூடு கடத்தும் தகட்டுக்கும் நடுவே தடவும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சூடு மிஞ்சினால் புராசசர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளுமாம். மூச்சுத் திணறுகிறவனைப் பார்த்துச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறோம்! தூசியைத் தட்டிப் புதுப் பசை தடவியதிலேயே பாதி நோய் தீர்ந்தது.

மீதி நோய் ஹார்டு டிஸ்கில். உள்ளே தட்டு சுழன்று, முள் தேடிப் பிடித்து எடுக்கிற பழைய வகை. அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்று வைத்தார். ரேம் 4 ஜி.பி. இருந்தது; காலிச் சந்து ஒன்று இருந்ததால் இன்னொரு 4 சேர்த்தார். சாமான் பழையதுதான், வேறு லேப்டாப்பிலிருந்து கழற்றியது. கடைக்காரர் சொன்ன புதுசின் விலையில் ஒரு சிறு பகுதிதான் செலவு. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார். லினக்ஸ் என்பது உலகத்துப் புரோகிராம்காரர்கள் கூடி எழுதி, யாருக்கும் விலையில்லாமல் விட்டிருக்கும் ஏற்பாடு. சென்னை சி-டாக் அதில் இந்தியருக்கென்று பாஸ் என்ற வகையைச் செய்திருக்கிறது. இலவச லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அது இருந்தது, சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. கேரளத்தில் சர்க்கார் பள்ளிக்கூடங்கள் பல வருஷமாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அதுதான் வித்தியாசம்.

பொத்தானை அழுத்தினால் இப்போது அரை நிமிஷத்தில் விழிக்கிறது. புராசசர் அதே பழைய புராசசர். அதை யாரும் தொடவில்லை.

எல்லாம் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் ஒரு பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் புரோகிராம் ஒன்று வேண்டும். அதற்குக் கல்லூரிக் கம்ப்யூட்டரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வீடியோ வெட்டி ஒட்டும் வேலை இதில் நடக்காது. கட்டுரை எழுத, தமிழில் டைப் செய்ய, பாடம் கேட்க, விண்ணப்பம் போடத் தாராளமாகப் போதும். குழுக் கடன் காகிதம் கிழிக்கப்பட்டது.

இந்தச் சின்ன வழியையும் அடைக்கப் பார்க்கிறார்கள். ரேமையும் மதர்போர்டிலேயே பற்றவைத்து விற்கும் லேப்டாப்புகள் வந்துவிட்டன. உலகத்துக்கு ரேம் சில்லு செய்யும் பெரும்பங்கு மூன்றே கம்பெனிகள் கையில்: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை அறிவுக் கூடங்களுக்கு விற்றால் கொள்ளை லாபம் என்று அந்தப் பக்கம் சரக்கைத் திருப்பினார்கள். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், சாதாரண ஜனங்களுக்கு விற்று வந்த குரூஷியல் வியாபாரத்தையே மூடப் போவதாக அறிவித்தது.

சர்க்காரைக் கேட்கிறோம்

தனி ஆள் கம்பெனியோடு பேரம் பேச முடியாது. லட்சக்கணக்கில் வாங்குகிற சர்க்கார் பேசலாம். 2025-26 பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்று அறிவித்து இரண்டாயிரம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2026 ஜனவரியில் வழங்கவும் ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். ஆனால் இவ்வளவு பெரிய கொள்முதலில் கம்பெனியின் சட்டையைப் பிடித்து நாலு நிபந்தனை போட முடியாதா? ரேமும் டிஸ்கும் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். பேட்டரியும் போர்டும் ஏழு வருஷத்துக்கு, முன்பே எழுதிய விலைக்குக் கிடைக்க வேண்டும். ரிப்பேர் வரைபடத்தை யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும் ஐ.டி.ஐ.யோடு சேர்த்து ஒரு ரிப்பேர் பட்டறை திறந்து, ஏற்கெனவே கொடுத்த ஐம்பது லட்சத்தில் பிழைக்கக் கூடியதையெல்லாம் பிழைக்க வைக்க வேண்டும். வேலையில்லாமல் நிற்கும் நம் பையன்களுக்கு அதில் வேலையும் கிடைக்கும். டெண்டரில் இந்த நிபந்தனைகளைப் போட்டால் எந்தக் கம்பெனியும் ஓடிப் போகாது. இரண்டாயிரம் கோடியை விட்டு எவன் ஓடுவான்?

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மூன்று ஜில்லாக் கலெக்டர்களிடமும் கொடுக்கக் கையெழுத்து வாங்கி வருகிறோம். கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் நமது தோழர்கள் காகிதத்தோடு நிற்பார்கள்.

அதுவரை, வீட்டில் பரண் மேல் தூங்கும் லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். பேட்டரி வீங்கியிருந்தால் மின்சாரத்தில் செருகாமல், அமுக்காமல், அப்படியே எடுத்து வாருங்கள். அது தீப்பிடிக்கக் கூடியது. சார்ஜரை மறந்துவிட வேண்டாம். போன வாரம் வந்த ஏழு பேரில் நாலு பேர் மறந்துவிட்டார்கள்.